திருச்சியிலிருந்து ஞாயிறு காலைச் சைக்கிள்: கல்லணையா, முக்கொம்பா, திருவெள்ளறையா, மணப்பாறையா?

சத்திரம் பேருந்து நிலையத்தை நடுவாக வைத்துக்கொண்டால், அரை நாள் சைக்கிள் பயணத்துக்குத் திருச்சியில் நான்கு வழிகள் இருக்கின்றன. கிழக்கே கல்லணை, மேற்கே முக்கொம்பு, வடக்கே திருவெள்ளறை, தென்மேற்கே மணப்பாறை. முதல் மூன்றும் ஒரு வழிக்கு 20 கி.மீ. அளவில் அடங்கிவிடும், மணப்பாறை ஏறத்தாழ அதன் இரு மடங்கு. பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்களை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. விடியும்போது புறப்பட்டு, வழியில் எங்காவது நின்று ஏதாவது குடித்து, நல்லதாக ஒரு வேளை சாப்பிட்டு, வெயில் உறைப்பதற்குள் வீடு திரும்ப நினைப்பவர்களுக்கானது இந்த ஒப்பீடு.

அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் தின்பண்டத்தின் பேரை வைத்தே திசையை முடிவு செய்கிறார்கள். மீன் வறுவல் என்றால் கல்லணை, முறுக்கு என்றால் மணப்பாறை என்று பேச்சு முடிந்துவிடும். அந்தக் கடை எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைக்கும், நாம் எத்தனை மணிக்கு அதைக் கடப்போம், சாப்பிட்ட வயிற்றோடு இன்னும் எவ்வளவு தூரம் எந்தக் காற்றில் மிதிக்க வேண்டும் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முடிவு பல சமயம் மாறிவிடும். என் கணக்கில் காற்றுக்கே முதலிடம். சாலைக்கு அடுத்த இடம். சாப்பாடு மூன்றாவதாகத்தான் வருகிறது. ஆனால் முதல் இரண்டையும் சரியாகப் பார்த்துவிட்டால் சாப்பாடு தானாகவே நல்ல இடத்தில் அமைந்துவிடுகிறது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, கோவை, கரூர் வழியே காவிரிச் சமவெளியில் இறங்குகிறது. ஆனி, ஆடி மாதங்களில் திருச்சியில் வீசும் மேல்காற்று அதுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சைக்கிளில் போகிறவர்கள் யாரும் மிகை என்று சொல்ல மாட்டார்கள். விடிகாலையில் இது ஓரளவு அடங்கியிருக்கும்; எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் வேகம் பிடிக்கும். ஆகவே ஆடியில் கிழக்கே கல்லணைக்குப் போகிறவருக்குப் போகும்போது எல்லாம் சுகமாக இருக்கும். தன் காலில் திடீரென்று பலம் கூடிவிட்டதாகக்கூடத் தோன்றும். திரும்பும்போது, களைத்த காலோடும் நிறைந்த வயிற்றோடும், 20 கி.மீ. முழுவதும் முகத்தில் அறையும் காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும். அதே நாளில் மேற்கே முக்கொம்புக்குப் போகிறவர் அடங்கிய காற்றை எதிர்த்துப் போய், முழு வீச்சில் இருக்கும் காற்று முதுகைத் தள்ள வீடு திரும்புகிறார். ஐப்பசிக்குப் பிறகு, வடகிழக்குப் பருவத்தில், இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அப்போது கிழக்கே போய் மேற்கே திரும்புவதுதான் இலகு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தை இரண்டும் இந்தப் பக்கத்தில் சைக்கிளுக்கு மிக நல்ல மாதங்கள்.

காற்றோடு ஆற்றையும் பார்க்க வேண்டும். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. நீர்வரத்தைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகலாம். திறந்த சில நாள்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். மாசி முதல் வைகாசி வரை கல்லணைக்கோ முக்கொம்புக்கோ போனால் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்கலாம். தண்ணீர் பார்ப்பதற்காகவே புறப்படுகிறவர்கள் இந்த மாதங்களில் ஆற்றங்கரையை விட்டு வடக்கே போவது நல்லது; அதற்கான காரணத்தைத் திருவெள்ளறையைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

கல்லணைக்கு இரண்டு வழிகள் உண்டு என்பதே அதன் பெரிய பலம். திருவரங்கத் தீவின் மேற்கு முனை முக்கொம்பு என்றால் கிழக்கு முனை கல்லணை. காவிரிப் பாலத்தைக் கடந்து திருவானைக்காவலில் வலப்புறம் திரும்பினால், திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாக, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு சாலை போகிறது. மற்றொன்று காவிரியின் தென்கரையை ஒட்டியது: சர்க்கார்பாளையம், பனையக்குறிச்சி, வேங்கூர் வழியாகத் தோகூரை அடைந்து கல்லணைக்கு வரும். இரண்டையும் சேர்த்தால் நாற்பது கி.மீ. சுமாருக்கு ஒரு வட்டம் கிடைக்கிறது. வந்த வழியே திரும்பும் சலிப்பு இல்லை என்பதோடு, எந்தக் கடையைப் போகும்போது வைத்துக்கொள்வது, எதைத் திரும்பும்போது வைத்துக்கொள்வது என்பதையும் நாமே தீர்மானிக்கலாம்.

பெரும்பாலோர் தீவுச் சாலையில் போய்த் தென்கரையில் திரும்புகிறார்கள். இதைத் திருப்பிப் போடச் சொல்வேன். திருவானைக்காவலில் கோயிலை ஒட்டி 1943 முதல் நடந்துவரும் பார்த்தசாரதி விலாஸின் நெய் ரோஸ்ட் இந்த வட்டத்தில் கிடைக்கும் ஆகச் சிறந்த காலைச் சிற்றுண்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தீவுச் சாலையில் புறப்பட்டால் அது நான்கைந்து கி.மீ.யிலேயே வந்துவிடுகிறது, விடிந்தும் விடியாமலும் நெய்யில் முறுகிய தோசையைத் தின்றுவிட்டு 35 கி.மீ. மிதிப்பது வயிற்றுக்கு நல்லதல்ல. தென்கரையில் சர்க்கார்பாளையம் வழியாகப் போய், கல்லணையில் சற்று நின்று, தீவுச் சாலையில் திரும்பினால், திருவானைக்காவல் எட்டரை மணியளவில், மிதிப்பெல்லாம் ஏறக்குறைய முடிந்து பசி நன்றாக முற்றிய நேரத்தில் வந்து சேரும். அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் சத்திரம். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிவரும். அந்த நேரத்தில் சைக்கிளைக் கண்ணில் படும்படி நிறுத்திப் பூட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சுற்றுக்கு ஒரு குறை உண்டு. விடிகாலையில் கிழக்கு நோக்கிப் போகும்போது சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். நமக்குக் கூசுவது பெரிதல்ல, பின்னால் வரும் ஓட்டுநருக்கும் அதே கூச்சம் இருக்கும். எதிர் வெளிச்சத்தில் ஒல்லியான சைக்கிள் அவர் கண்ணில் படாமல் போகலாம். தென்கரைச் சாலை குறுகலானது என்பதால், பின்புறம் மினுக்கும் சிவப்பு விளக்கை விடிந்த பிறகும் அணைக்காமல் வைத்திருப்பது அவசியம். வெளிச்சம் வருவதற்கு முன்பே புறப்பட்டு வேங்கூரைத் தாண்டிவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

கல்லணையின் மீன் வறுவலைப் பற்றி இரண்டு வார்த்தை. தட்டில் ஜிலேபி, கெண்டை, கெளுத்தி என்று வரிசையாக, இருபுறமும் கீறிச் சிவப்பு மசாலா பூசி அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்பதை எடுத்து நம் கண் முன்னாலேயே எண்ணெயில் போட்டு, மேலே வெங்காயமும் ஒரு துண்டு எலுமிச்சையும் வைத்துக் கொடுப்பார்கள். நல்ல மீன்தான். ஆனால் இது குடும்பத்தோடு காரில் வந்து மதியம் வரை இருப்பவர்களுக்கான வியாபாரம். ஏழரை மணிக்கு அங்கே போய்ச் சேரும் சைக்கிள்காரருக்கு அடுப்புகூடப் பெரும்பாலும் பற்றியிருக்காது. பத்து மணிக்கு மேல் காத்திருந்து தின்றுவிட்டுத் திரும்பினால் உச்சி வெயில் நம்மைப் பிடித்துக்கொள்ளும். மீனுக்காகத்தான் கல்லணை என்று நினைப்பவர்கள் பேருந்திலோ பைக்கிலோ போவதுதான் சரி. மீன் வாங்குவதானால் ஒன்றைக் கவனிக்கலாம்: முதல் ஈட்டு எண்ணெய்க்கும் மாலை வரை கருத்துக் கிடக்கும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு மணத்திலேயே தெரிந்துவிடும்.

விடிகாலைக் கல்லணையில் கிடைப்பது டீ, வடை, பிஸ்கட். அதுவே போதும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று ஆறு பிரியும் மதகுகளின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதற்கு அந்த நேரம்தான் ஏற்றது. யானை மேல் அமர்ந்த கரிகாலன் சிலையைச் சுற்றிக் கூட்டம் இன்னும் கூடியிராது.

உண்மையில் இந்த வட்டத்தின் சிறந்த தீனி கடையில் இல்லை, சாலையோரத்தில் இருக்கிறது. தீவுச் சாலையின் இருபுறமும் திருவளர்சோலை, உத்தமர்சீலிப் பக்கமெல்லாம் வாழைத் தோட்டங்கள். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியை அடுத்த தாயனூரில் அமைந்திருப்பதற்கும் இந்தப் பக்கத்து வாழைச் செழிப்புக்கும் தொடர்பில்லாமல் இல்லை. வீட்டுத் திண்ணையிலும் சாலையோரக் கீற்றுக் கொட்டகையிலும் தார் தொங்கவிட்டிருப்பார்கள். சீப்பாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, நான்கு பழம் கேட்டாலும் அரிவாளால் அறுத்துக் கொடுப்பார்கள். கற்பூரவல்லி கிடைத்தால் அதையே வாங்க வேண்டும்: தோல் சற்றுச் சுருங்கி, சாம்பல் பூத்த மஞ்சளாக இருக்கும்போதுதான் தேன் போல் இனிக்கும், இரண்டு பழம் அடுத்த ஒரு மணி நேர மிதிப்புக்குத் தாங்கும். பூவன் புளிப்புக் கலந்தது, வெயிலில் நாவறட்சிக்கு ஏற்றது. ரஸ்தாளி சட்டைப்பையில் நசுங்கிவிடும். வாங்கினால் நின்ற இடத்திலேயே தின்றுவிட வேண்டும்.

தீவுச் சாலையில் போக வேண்டாத நாள்களும் உண்டு. உத்தமர்சீலிக்கும் கிளிக்கூட்டுக்கும் இடையே தரைப்பாலம் ஒன்று இருக்கிறது. காவிரியில் வெள்ளம் மிகும்போது தண்ணீர் இதைத் தாண்டிக் கொள்ளிடத்துக்குப் பாயும். அப்போது போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். மேட்டூரிலிருந்து உபரி நீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்குத் தென்கரையிலேயே போய்த் தென்கரையிலேயே திரும்புவதுதான் புத்திசாலித்தனம். முழங்கால் அளவுதானே என்று யாராவது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்து நாமும் இறங்கிவிடக் கூடாது. ஓடும் தண்ணீரின் இழுப்பு ஆழத்தைப் பார்த்து வருவதல்ல.

முக்கொம்பு 18 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டி, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், அல்லூர், ஜீயபுரம் என்று கரூர்ச் சாலையிலேயே போக வேண்டும். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் தோட்டமும் ரயில் பாதையும். கண்ணுக்கு இதமான வழிதான். ஆனால் சாலை குறுகல், பேருந்துகளின் வேகம் அதிகம், பல இடங்களில் ஓரம் என்று ஒன்றே இல்லை. எதிரும் புதிருமாக இரண்டு பேருந்துகள் வந்தால் சைக்கிள் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆறு மணிக்கு முன்பு போய் எட்டு மணிக்குள் திரும்பிவிடுவதானால் ஒப்புக்கொள்ளலாம். சிறுவர்களை அழைத்துக்கொண்டு போவதற்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முக்கொம்பில் பார்ப்பதற்கு உண்டு. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும், பிறகு அருகிலேயே புதிய கதவணை எழுந்ததும் ஊரறிந்த செய்தி. சாப்பாட்டு வகையில் முக்கொம்பு கல்லணையைவிடவும் மெலிந்தது. பூங்கா திறந்து கூட்டம் வந்த பிறகே மீன், மசாலாப் பொரி, மாங்காய்க் கீற்று எல்லாம் வரும். விடிகாலையில் எதுவும் இருக்காது. ஆகவே டீயும் இட்லியும் ஜீயபுரத்தை ஒட்டியோ, திரும்பி ஊருக்குள் வந்த பிறகோதான். இந்த வழியில் நல்ல காபி வேண்டுமென்றால் குடமுருட்டியைத் தாண்டி வந்து, பாலம் ஏறித் திருவரங்கத்துச் சித்திரை வீதிகளுக்குள் நுழைந்துவிடலாம். பித்தளை டபராவில் ஆற்றித் தரும் டிக்காஷன் காபிக்கு அந்தக் கூடுதல் தூரம் நட்டமில்லை. சுருக்கமாகச் சொன்னால், முக்கொம்பை நான் தேர்ந்தெடுப்பது மேல்காற்று மாதங்களில் மட்டும்தான். அதுவும் ஆடிப்பெருக்கை விட்டுவிட்டு. அன்றைக்கு முக்கொம்பு, கல்லணை, அம்மா மண்டபம் எதிலும் சைக்கிளுக்கு இடமிருக்காது.

ஆறு வற்றிய மாதங்களில் வடக்கே திரும்ப வேண்டும். காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம் இரண்டையும் கடந்து, நம்பர் 1 டோல்கேட் வழியாக மண்ணச்சநல்லூர் போய், துறையூர்ச் சாலையில் திருவெள்ளறையை அடையலாம். முதல் ஏழெட்டு கி.மீ. நகரத்து நெரிசல், டோல்கேட் சந்திப்பில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மண்ணச்சநல்லூரை நெருங்கும்போது அரிசி ஆலைகளிலிருந்து நெல் அவியும் வாசம் வரும். பொன்னி அரிசிக்குப் பேர்பெற்ற ஊர் அது. அதற்கப்பால் நிலம் மாறுகிறது. வாழையும் நெல்லும் குறைந்து, பனையும் மானாவாரிக் காடும் தொடங்கும்.

பதநீருக்கான வழி இது. மாசி கடைசியிலிருந்து ஆனி வரை, அதிகாலையில் மரத்திலிருந்து இறக்கியதைச் சாலையோரத்தில் வைத்து விற்பவர்கள் கண்ணில் படுவார்கள். எல்லா நாளும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் பருவத்தில் வெறுங்கையோடு திரும்புவது அரிது. பனையோலையைப் பட்டையாக மடித்து, அதன் இரு நுனியையும் ஒன்றாகக் கட்டி, அதில் ஊற்றிக் கொடுப்பார்கள். கேட்டால் நுங்கையும் பிதுக்கி உள்ளே போடுவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் பதநீர் புளிக்காமல் இருக்கிறது, வெயில் ஏறினால் அதுவும் சுவை மாறிவிடும். இந்த ஒரு பானம்தான் சைக்கிள்காரர்களின் நேரத்தோடு முழுமையாக ஒத்துப்போகிறது: அதற்கு நல்ல நேரம் காலை ஏழு மணி, நாம் அங்கே இருப்பதும் அதே நேரத்தில். இனிப்பும் நீரும் சேர்ந்திருப்பதால் கடையில் வாங்கும் வண்ண வண்ணப் பாட்டில்களுக்கு அவசியமே ஏற்படுவதில்லை.

திருவெள்ளறையில் வெண்பாறை மேல் நிற்கும் புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலும், அருகே ஸ்வஸ்திக வடிவில் நான்கு பக்கமும் படிக்கட்டு இறங்கும் கிணறும் உண்டு. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன்பு வெட்டப்பட்ட அந்தக் கிணற்றுக்கு மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். ஒரு படிக்கட்டில் இறங்குபவருக்கு அடுத்ததில் இருப்பவர் தெரியமாட்டார். உட்கார்ந்து மூச்சு வாங்க அந்தப் படியைவிடக் குளிர்ச்சியான இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. உணவு விஷயத்தில் ஊரில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மண்ணச்சநல்லூரில் திரும்பும் வழியில் இட்லி, பொங்கல், வடை கிடைக்கும்.

மணப்பாறையை விரைவாகவே முடித்துவிடலாம். திண்டுக்கல் நெடுஞ்சாலையில் போய்வர 80 கி.மீ.க்கு ஒட்டி வரும். போகும் வழி மெல்ல மேடேறிக்கொண்டே இருக்கும், நிழல் குறைவு, லாரிகள் அதிகம். சாலை அகலமாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் வேகம் விரும்புபவர்களுக்குப் பிடிக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கு நிச்சயமாகச் சிறந்த முறுக்குதான். அரிசிமாவில் ஓமம், சீரகம், எள் சேர்த்துப் பிழிந்து, அரை வேக்காட்டில் எடுத்து ஆறவைத்து மறுபடியும் எண்ணெயில் போடுவதால் வருகிறது அதன் மொறுமொறுப்பு. ஆனால் வெயிலில் 40 கி.மீ. மிதித்து வந்தவருக்கு உப்பும் எண்ணெயும் கலந்த உலர்ந்த தின்பண்டம் தாகத்தைத்தான் கூட்டும். அது வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவதற்கானது. திருச்சிக் கடைகளிலேயே கிடைக்கும் ஒன்றுக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் நாலு மணி நேரம் செலவிடுவதை, பழக்கமில்லாத ஒருவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆக, முதல் தடவை போகிறவருக்கும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவருக்கும் என் தேர்வு கல்லணை வட்டத்தின் பாதிதான்: திருவானைக்காவலிலேயே தொடங்கி உத்தமர்சீலி வரை தீவுச் சாலையில் போய், வாழைப்பழம் தின்றுவிட்டு அதே வழியில் திரும்பி நெய் ரோஸ்ட். காலில் கொஞ்சம் பழக்கம் உள்ளவருக்கு ஐப்பசி முதல் தை வரை முழு வட்டம். பங்குனி, சித்திரையில் திருவெள்ளறை. ஆனி, ஆடியில் மனமில்லாவிட்டாலும் முக்கொம்பு. நீண்ட தூரம்தான் வேண்டும் என்பவர் மணப்பாறையை விட்டுவிட்டு, தை மாதத்தில் கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் காவிரியோடு திருவையாறு வரை போகலாம். ஒரு வழியே 50 கி.மீ. அளவில் வரும், மேடு பள்ளம் இல்லை. பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் அசோகா அல்வா அங்கே சூடாகக் கிடைக்கும். இத்தனை தூரம் மிதித்த உடம்புக்கு அது முறுக்கைப் போல் தாகத்தைக் கூட்டாது, உடனே தெம்பும் தரும். அத்தனை தூரத்தையும் மிதித்துத் திரும்ப மனமில்லாவிட்டால் தஞ்சாவூர் 13 கி.மீ.தான்.

எந்த வழியில் போனாலும் உதிரி டியூப் ஒன்றும் கைப்பம்பு ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். கிராமத்துப் பஞ்சர் கடைகளில் ஒட்டுவது நன்றாகவே ஒட்டுவார்கள்; ஆனால் விலை கூடிய சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அவர்களுடைய பம்பு பொருந்தாது. அதற்கான சிறிய பித்தளை அடாப்டர் ஒரு டீ, வடை விலைக்குள் சைக்கிள் கடையில் கிடைக்கும். வால்விலேயே திருகி வைத்துவிட்டால் தேட வேண்டியதில்லை. சில்லறையும் கையில் இருக்க வேண்டும். வாழைப்பழக்காரரிடமும் பதநீர்க்காரரிடமும் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், காலை ஆறரை மணிக்கு அவர் எங்கே போய் மாற்றுவார்?